எண்பத்தொன்று, இரண்டாம் வகை

வெஸ்ட்ரிம், வடக்கு டக்கோட்டா
14 ஜனவரி 1990

அப்பா,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் நலம் விசாரிப்பதெல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. ஏப்ரலில் நம் ஊர் நாணயச் சங்கத்தின் கண்காட்சி நடக்கிறது. அம்மாவின் ப்ரூஃப் டாலர்களை அவள் நினைவாக அதில் வைக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் டெல்மர் கேட்கிறார். எழுபத்தொன்றிலிருந்து எண்பத்தொன்று வரை சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடிபோல் அடித்த டாலர்கள் எல்லாமே அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் எத்தனை வகை வந்ததோ அத்தனையும். உங்களுக்குத் தெரியாததா? சாப்பாட்டு மேசையில் அவற்றுக்குத்தானே பாதி இடம் போனது.

சட்டப்படி நீங்கள் இன்னும் அவள் கணவர். அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் பதில்கூட எழுத வேண்டாம், நானே வைத்துவிடுவேன்.

இன்னொன்று. எண்பத்து நான்கிலிருந்து அம்மா அந்தத் தொகுப்பைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவே இல்லையாம். அதற்கு முன் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. ஏன் என்று டெல்மரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், "காபி ஆறுது பாரு கோரின்"னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கலாம்.

அடக்கத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். காபியும் சாப்பாடும் வைத்திருந்தார்கள். உங்களுக்காக ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் பேருந்தில் ஏறிப் போய்விட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

கோரின்


டுலூத், மின்னசோட்டா
23 ஜனவரி 1990

கோரின்,

உன் கடிதம் வந்தது. ஆட்சேபம் ஒன்றும் இல்லை. தாராளமாக வை. உன் அம்மாவின் தொகுப்பு மாதிரி ஒன்று அந்த ஊரில் எவனிடமும் கிடையாது, டெல்மரிடமும் சேர்த்துத்தான்.

காரணம் கேட்டாய். டெல்மர் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன்.

பால் பண்ணையில் என் வேலை போன குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது பிஸ்மார்க்கில் படித்துக்கொண்டிருந்தாய், வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. சமையலறையில் நான் உட்கார்ந்திருப்பேன், அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வாள். நாற்காலிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாத காலம் அது. பிப்ரவரியில் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. அவள் தொகுப்பு வைக்கும் பலகையில் ஒரே ஒரு குழிதான் காலி. எண்பத்தொன்றாம் வருஷத்து ஆன்டனி டாலரில், அந்த அம்மாள் முகம் போட்ட சின்னதில், இரண்டாம் வகை.

ஃபார்கோவில் கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவளுடைய லென்ஸை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். கடைக்காரன் காட்டியதை வாங்கிவரவில்லை, கோரின். மேசை மேசையாக உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக வாங்கிப் பார்த்து, நானே பொறுக்கினேன். ஒரு கடைக்காரன், "என்னய்யா, வாங்குறியா இல்ல குடித்தனமே இங்கதானா?"ன்னு கேட்டான். "ரெண்டும்தான்"னேன். அந்தக் குளிர்காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கல்யாண நாளன்று காலை அவளிடம் கொடுத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "லோவெல், இத நீயே பாத்து எடுத்தியா?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, அதை அந்தக் காலிக் குழியில் வைத்தாள். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏப்ரலில் கண்காட்சி வந்தது. "இந்த வருஷம் வைக்கல"ன்னு சொல்லிவிட்டாள். தொகுப்பு முழுமையான முதல் வருஷம் அது! ஏன் என்று நான் விடாமல் கேட்டேன். சங்கத்து ஆட்கள் முன்னாலேயே கேட்டேன், சத்தம் போட்டுத்தான் கேட்டேன். "அது வீட்டுலயே இருக்கட்டும், லோவெல்"னாள். அவ்வளவுதான். டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலையில்லாதவன் வாங்கிக் கொடுத்ததை நாலு பேர் முன்னால் வைக்க அவளுக்கு வெட்கம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் இங்கே தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. வந்துவிட்டேன். திரும்பி வா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வை. ஆனால் நான் கொடுத்த அந்த நாணயம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும். நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

தட்டு எடுத்து வைத்தது எனக்குத் தெரியாது.

அப்பா


வெஸ்ட்ரிம்
4 பிப்ரவரி 1990

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஃபார்கோ கதையை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. நீங்கள் எங்களைவிட்டுப் போனதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்ததென்று தெரியாது. அதற்காக உங்கள்மேல் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கண்டிப்பாக அந்த நாணயத்தை முன்னால் வைக்கிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். விளிம்பை மட்டும்தான் பிடித்தேன், பயப்படாதீர்கள். அருகில் குனிந்து மூச்சுக்கூட விடவில்லை. சின்ன வயதில் ஒரு டாலரைச் சட்டையில் துடைத்ததற்கு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "முகத்துல மணலைத் தேய்ச்ச மாதிரி ஆயிடுச்சே, கோரின்!"னு அழாத குறை.

எழுபத்தாறாம் வருஷத்து ஐக் டாலரில், அதுதான் பழைய ஜனாதிபதி முகம் போட்ட பெரியதில், இரண்டு வகையையும் நானே கண்டுபிடித்தேன். பின்பக்க எழுத்து ஒன்றில் தடிமன், ஒன்றில் மெல்லிசு. எழுபத்தொன்பது ஆன்டனியும் சுலபம். முதல் வகையில், நாணயச்சாலையின் குறியான அந்தச் சின்ன எஸ் எழுத்து அடைபட்டு உருண்டையாகக் கிடக்கிறது, இரண்டாம் வகையில் தெளிவாக இருக்கிறது. எண்பத்தொன்றுதான் என்னைப் படுத்துகிறது. முதல் வகைக் குழியில் இருப்பதையும் நீங்கள் கொடுத்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. என் கண்ணுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. பதினேழாம் தேதி சனிக்கிழமை டெல்மரிடம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நீங்கள் வருவீர்களா? வந்தால் உங்கள் பழைய அறையில் என் தையல் இயந்திரம் இருக்கிறது, நகர்த்திவிடலாம்.

கோரின்


டுலூத்
11 பிப்ரவரி 1990

அன்புள்ள கோரின்,

வருகிறேன். மேற்பார்வையாளனிடம் கேட்டுவிட்டேன். "அஞ்சு வருஷத்துல அந்த அடக்கத்துக்குத் தவிர லீவே கேக்காத ஆளு நீ, இப்ப யாரு செத்தா?"ன்னான். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் அப்படி. மகள் கண்காட்சி வைக்கிறாள் என்றேன். போய்ட்டு வா என்றான்.

ஒரு கழுத்துப்பட்டியும் வாங்கினேன். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா சோப்சாக் படியில் பார்த்துவிட்டு, "என்ன லோவெல், எந்தப் பொம்பளையக் கூட்டிட்டுச் சாப்பிடப் போற?"ன்னு கேட்டாள். "ஆன்டனின்னு ஒருத்தி"ன்னேன். "எங்க இருக்கா?"ன்னாள். "என் பொண்டாட்டி வீட்டுல"ன்னேன். அந்த அம்மாள் அதிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

எண்பத்தொன்று எல்லோரையும் படுத்தும், கவலைப்படாதே. உன் அம்மாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஐக் டாலருக்கு அவள் என்ன சொல்வாள் தெரியுமா? "முதல் வகை எழுத்து நம்ம பாஸ்டர் மாதிரி, தொந்தியும் தொப்பையுமா. ரெண்டாவது வகை அவரு சம்சாரம்." இதை அவள் பாஸ்டர் வீட்டம்மா எதிரிலேயே ஒரு நாள் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளும் நாணயத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாவம், ஒரு வேளையாவது நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க"ன்னாங்க. ஆன்டனிக்கு, "சூயிங்கம்மைத் துப்புன மாதிரி இருந்தா முதல் வகை, எஸ்ஸுன்னு படிக்க முடிஞ்சா ரெண்டாவது"ம்பாள். எழுபத்தொன்பதுகளை வைத்து எனக்குக் காட்டியிருக்கிறாள், எத்தனையோ தடவை. நான் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஃபார்கோ போனேன். நான் கொடுத்ததில் எஸ் எவ்வளவு தெளிவு என்று பார். இரண்டு வளைவும் திறந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே தெரியும்.

அவள் பேசுவதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பார்த்தாயா? கேட்க ஆளில்லாமல் இருந்தது. இங்கே ஏரி உறைந்துபோய்க் கப்பல் வராத மாதங்களில் பேச்சே கிடையாது. நீ கேட்டதால் எழுதுகிறேன். இன்னும் கேள்.

டெல்மரிடம் காட்டும்போது, அதை நான்தான் பொறுக்கினேன் என்று சொல். அன்று தரையைப் பார்த்தானே, இப்போது அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

அப்பா


வெஸ்ட்ரிம்
19 பிப்ரவரி 1990

அன்புள்ள அப்பா,

சுருக்கமாக எழுதுகிறேன், பள்ளி அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற வாரம்.

கண்காட்சியில் இந்த முறை இடம் நெருக்கடி போலிருக்கிறது. கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான் தருவார்கள். அதனால் ஐக் டாலர்களை மட்டும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அவையே பார்க்க எடுப்பாக இருக்கின்றன, பெரிய நாணயம் வேறு. ஆன்டனிகளை இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்களுக்கும் ஐக்தான் பிடிக்கும் என்று டெல்மர் சொல்கிறார்.

நீங்கள் அவசியம் வாருங்கள். தையல் இயந்திரத்தை நகர்த்திவிட்டேன். அறைக்குப் புதுத் திரையும் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு எலுமிச்சைக் கேக் இன்னும் பிடிக்குமா?

கோரின்


டுலூத்
24 பிப்ரவரி 1990

கோரின்,

இடம் நெருக்கடியாமே! நாணயம் ஒவ்வொன்றும் என் பெருவிரலளவு. அந்த மண்டபத்தில் நான் நாற்காலி அடுக்கியிருக்கிறேன், எனக்கே இடக்கணக்குச் சொல்கிறாய்.

வாக்குக் கொடுத்தாய். உன் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. டெல்மரைப் பார்க்கிறவரை சரியாகத்தான் இருந்தாய். பார்த்துவிட்டு வந்ததும் என் நாணயத்துக்கு இடமில்லை. அன்றைக்கும் இதேதான் நடந்தது. அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள், நீ கேக் செய்கிறாய்.

எனக்கு என்ன, முட்டாள் என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா? என்னைப் பற்றி அந்த ஊரில் அப்படி என்னதான் பேசுகிறீர்கள்? நான் வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அதை வெளியே வைக்க என் பெண்டாட்டிக்கும் மனம் வரவில்லை, மகளுக்கும் வரவில்லை.

நான் வரவில்லை. லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் உன் அம்மாவும் ஒரே அச்சு. அவளிடம் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவன் நான். உன்னிடமும் கெஞ்சிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. இனி எழுத வேண்டாம்.

லோவெல் பிராண்ட்வோல்ட்


வெஸ்ட்ரிம்
2 மார்ச் 1990

அப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் பிரிக்காமல் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அம்மா சொல்லாமல் விட்டதால் நீங்கள் போனீர்கள். நானும் சொல்லாமல் விட்டால் எனக்கும் நீங்கள் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகுமோ தெரியவில்லை. ஆனால் எனக்கு அப்பா வேண்டும். அதனால் சொல்கிறேன்.

அந்த நாணயம் இரண்டாம் வகை இல்லை, அப்பா. முதல் வகை.

நான் டெல்மர் வீட்டு மேசையில் இரண்டையும் வைத்து, எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்றேன். அவர் லென்ஸை எடுக்கவே இல்லை. "தெரியாது. ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னார். பிறகு தன் அலமாரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் எஸ்ஸின் மேல்பக்கம் தட்டையாக இருந்தது. இரண்டு நுனியிலும் குமிழ் மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. உங்களுடையதில் அப்படி இல்லை. எழுபத்தொன்பதில் தெளிவான எஸ் என்றால் இரண்டாம் வகை. அந்த அச்சையே எண்பத்தொன்றில் முதல் வகைக்கும் வைத்துக்கொண்டார்களாம். எழுபத்தொன்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள்தான் எண்பத்தொன்றில் இப்படி ஏமாறுவார்கள் என்று டெல்மர் சொன்னார். ஒன்றுமே தெரியாதவன் கடைக்காரனைக் கேட்டு வாங்கிப் போயிருப்பானாம். நீங்கள் அம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தீர்கள். அதனால்தான் தவறாக எடுத்தீர்கள்.

அம்மாவுக்கு அன்று காலையே தெரியும். லென்ஸை வைத்தவுடனே தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

அடுத்த வாரம் டெல்மரிடம் கொண்டுபோனாளாம். "டெல்மர், இதப் பாரு, ஆனா ஒண்ணும் சொல்லாத"ன்னாளாம். அவர் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். "சொல்லாதேன்னேன்ல!"ன்னு அதட்டினாளாம். என்னிடம் சரியானது ஒன்று கூடுதலாக இருக்கிறது, மாற்றி வைத்துவிடு, லோவெலுக்குத் தெரியவே தெரியாது என்று அவர் சொன்னார். அதற்கு அவள் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அது வேற காசு டெல்மர். இதுதான் அவன் குடுத்தது. பனியில அவ்வளவு தூரம் போயி, என் லென்ஸைத் திருடிட்டுப் போயி, கண்ணு வலிக்கப் பொறுக்குனது. இத எடுத்துட்டு வேறொண்ண வச்சா, அவன் அது பக்கத்துல நின்னு நாந்தான் பாத்து எடுத்தேன்னு நாலு பேருகிட்டச் சொல்லுவான். நான் அதக் கேட்டுட்டு நிக்கணுமா? என்னால ஆகாது."

கண்காட்சி முடிந்து சாப்பிடும்போது நடுவர்கள் ஒவ்வொரு பெட்டியின் குறையையும் எழுந்து நின்று வாசிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அது உங்களுக்கே தெரியும். வகை மாறியிருந்தால் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். உங்களை அந்தச் சிரிப்புக்கு முன்னால் உட்கார வைக்க அவள் தயாராக இல்லை. அந்த நாணயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வைத்தாலும் நீங்கள் கேட்பீர்கள். அதனால் எதையுமே வைக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசிவரை வைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு டெல்மர் அவளிடம் சண்டை போட்டிருக்கிறார். உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று. "வேலை போயிருச்சு. நானா பாத்து எடுத்தேங்குற ஒண்ணுதான் அவங்கிட்ட மிச்சம். அதையும் நாம்போயிப் புடுங்கணுமா?"ன்னாளாம். "கோவம் தீந்தா வருவான். பனி உருகட்டும்"னாளாம். ஒவ்வொரு வசந்த காலத்திலும் இதையே சொன்னாளாம்.

இரண்டாம் வகையை அவள் வாங்கவே இல்லை, அப்பா. ஒரு தபால் போட்டால் வீடு தேடி வந்திருக்கும். வாங்கினால் நீங்கள் கொடுத்ததை அந்தக் குழியிலிருந்து எடுக்க வேண்டியிருக்குமே.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் மறைக்கத்தான் பார்த்தேன். டெல்மர் வீட்டிலிருந்து வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அம்மாவுக்காகவா உங்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம், கழுத்துப்பட்டி வாங்கினேன் என்று. எப்படி எழுதுவேன்? அதனால்தான் இடமில்லை என்று உளறினேன்.

வாருங்கள். நாணயங்களை வைக்கவே வேண்டாம் என்றாலும் சரிதான். நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் கோரின்


வெஸ்ட்ரிம்
18 மார்ச் 1990

அப்பா,

பதில் இல்லை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள். நேற்று உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தொலைபேசி செய்தேன். "வேலைக்குப் போறாரு, வர்றாரு. பேச்சுதான் இல்ல. சாப்பாட்டத் தட்டுல போட்டுட்டு அப்படியே உக்காந்திருக்காரு"ன்னாங்க.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று தினமும் நினைக்கிறேன்.

கோரின்


டுலூத்
27 மார்ச் 1990

அன்புள்ள கோரின்,

சொன்னது சரிதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கை ஓடவில்லை, அதனால்தான் எழுதவில்லை. வீட்டுக்காரம்மா இருக்கிறாளே, அவள் பாதியைக் கூட்டித்தான் சொல்வாள்.

முதலில் நான் நம்பவில்லை. டெல்மர் கட்டிவிட்ட கதை என்று நினைத்தேன். பத்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, இங்கே சுப்பீரியர் தெருவில் இருக்கிற நாணயக் கடைக்குப் போய், எண்பத்தொன்றில் இரண்டு வகையையும் காட்டு என்றேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். லென்ஸைக் கொடுத்தான். கோரின், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தெரிந்துவிட்டது. ஃபார்கோவில் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. "எடுத்துக்கிறீங்களா?"ன்னு கேட்டான். நான் நிமிர்ந்தேன். "ஒடம்பு சரியில்லையா சார்? ஒக்காருங்க"ன்னு முக்காலியைப் போட்டான். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாங்கவில்லை.

திரும்பி வரும்போது அவள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? லோவெல், நீ தப்பா எடுத்துட்டியேன்னு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து போய் மாற்றிக்கொண்டு வந்திருப்போம். இப்படியெல்லாம் ஒரு வாரம் அவளோடு சண்டை போட்டேன், படியேறும்போது, கிடங்கில், சாப்பிடும்போது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். சிரித்திருக்க மாட்டேன். அந்த வருஷம் நான் இருந்த இருப்புக்கு, காபிக் கோப்பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போயிருப்பேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. சொன்னால் போவான் என்று சொல்லாமல் இருந்தாள். சொல்லாததற்கும் போனேன். பாவம், அவள் என்னதான் செய்வாள்?

இப்போது கேள். தொகுப்பு முழுவதையும் வை. ஐக், ஆன்டனி, எல்லாவற்றையும். என் நாணயமும் அவள் வைத்த குழியிலேயே இருக்கட்டும், எடுக்காதே. டெல்மர் சரியானதைக் கொடுத்தாலும் வாங்காதே. ஆனால் அதன் கீழே வைக்கிற பெயரட்டையை மாற்ற வேண்டும். உன் அம்மாவுக்கு, ஆர்லிஸ் பிராண்ட்வோல்டுக்கு, வகை பிரிக்கத் தெரியவில்லை என்று எவனும் ஒரு கணம்கூட நினைக்கக் கூடாது. அவள் கண்ணுக்கு அந்த மாகாணத்தில் ஈடு கிடையாது. அதனால் இப்படித் தட்டச்சு செய்:

"1981, முதல் வகை. இரண்டாம் வகை என்று நினைத்து வாங்கியவர் கணவர் லோவெல் பிராண்ட்வோல்ட். மனைவிக்கு அன்றே தெரியும்."

என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டு மழுப்பாதே. சாப்பாட்டின்போது குறை வாசிக்கட்டும், முதலில் அதையே வாசிக்கட்டும். நான் முன் மேசையில் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் சிரித்து முடித்ததும் எழுந்து, அவள் ஏன் வைக்கவில்லை என்பதை நானே சொல்கிறேன். எனக்குப் பேச வராது, தெரியும். சொல்லிவிடுவேன்.

லீவு மறுபடி கேட்டு வாங்கிவிட்டேன். கண்காட்சிக்கு முந்தின நாள் மதியப் பேருந்தில் வருகிறேன். நீ நிறுத்தத்துக்கு வர வேண்டாம். நான் நேராகக் கல்லறைக்குப் போய்விட்டுப் பிறகு வீட்டுக்கு வருகிறேன். நேரமானால் தேட வேண்டாம். நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அடக்கத்தன்று சவப்பெட்டி திறந்துதான் இருந்தது. எல்லோரும் வரிசையாகப் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் பாஸ்டர் வந்து, "வாங்க லோவெல், ஒரு தடவை பாத்துருங்க"ன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போதும் அவள்மேல் கோபமாக இருந்தேன், கோரின்.

அப்பா